கை எட்டாத கிளைகள்: மலைக்காட்டில் ஈரலுருத் தாவரக் கணக்கெடுப்பு

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு மார்கான்ஷியாவும் ரிக்ஸியாவும் மறந்திருக்காது. ஈர மண்ணோடு ஒட்டிக்கொண்டு, நுனியில் இரண்டிரண்டாகக் கிளைத்துப் படரும் பச்சை நாடா. அடியில் மயிரிழை போன்ற வேரிகள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சாலைக்காக வெட்டிய மண்சரிவுகளில் மழைக்காலத்தில் மார்கான்ஷியாவை இன்றும் பார்க்கலாம். பாடநூல் இந்த இரண்டையும் ஈரலுருத் தாவரங்களின் முகமாக வைத்துவிட்டது. அதனாலேயே அந்தப் பிரிவின் பெரும்பகுதி நம் கவனத்துக்கு வராமல் போகிறது. 2016-இல் வெளியான உலகப் பட்டியல் 7,271 சிற்றினங்களை ஏற்றுக்கொண்டது. அவற்றில் நாடா வடிவத்தவை சிறுபான்மைதான். மற்றவற்றுக்குத் தண்டும் இலையும் உண்டு. தூர நின்று பார்த்தால் மாஸ் (moss) எனப்படும் பாசிச்செடி என்றே நினைத்துவிடுவோம். லெஜூனியேசி என்ற ஒரே குடும்பத்தில் மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிற்றினங்கள் அடங்கும். அவற்றில் பலவற்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது.

இவை செறிந்து வாழும் இடம் வெப்பமண்டல மலைக்காடு. அப்படிப்பட்ட ஒரு காட்டில் எத்தனை ஈரலுருத் தாவரங்கள் இருக்கின்றன என்று கேட்டால் கிடைக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரே மலைச்சரிவில் இரண்டு குழுக்கள் வேலை செய்து, ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு நீளமான பட்டியலோடு திரும்பி வரலாம். இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஒரு குழு எங்கே கை வைத்தது, எவ்வளவு உயரம் ஏறியது, மாலையில் நுண்ணோக்கி முன் எவ்வளவு நேரம் உட்கார்ந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. எண்ணை எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலையேற ஏறப் பெருகுவது ஏன்

ஈரலுருத் தாவரத்துக்கு வேர் கிடையாது. நீரை மேலே ஏற்றும் குழாய்த் திசுவும் கிடையாது. இலையுள்ள வகைகளில் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். மழையோ மூடுபனியோ மேலே பட்டால் உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். காற்று வறண்டால் சுருங்கிச் செயலற்றுக் கிடக்கும். நனைந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அதற்கு வாழ்க்கை நடக்கிறது. அந்த நேரம் வெளிச்சத்தோடு வருகிறதா, இருட்டோடு வருகிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

தாழ்நில மழைக்காட்டில் இரவு முழுக்க ஈரம் இருக்கும், வெக்கையும் தணியாது. ஒளி இல்லாததால் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். சுவாசம் மட்டும் வேகமாக நடந்து, பகலில் சேர்த்த சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். விடிந்து வெயில் ஏறியதும் மரத்தின் மேற்பகுதி காய்ந்துவிடுகிறது. சம்பாதிக்க வேண்டிய நேரத்தில் தாவரம் சுருண்டு கிடக்கிறது. கீழே, காட்டின் தரையில், ஈரம் நிற்கும். ஆனால் ஒளி போதாது. மலையில் இந்தக் கணக்கு மாறுகிறது. இரவு குளிர்வதால் சுவாசச் செலவு குறைகிறது. பகலில் மேகம் காட்டுக்குள்ளேயே நுழைவதால், வெளிச்சம் இருக்கும்போதே ஈரமும் இருக்கிறது. ஆண்டிஸ் மலைகளில் நடந்த ஆய்வுகளில் ஈரலுருத் தாவர வளம் உயரத்தோடு கூடிக்கொண்டே போய், நடுமலைப் பகுதியில் உச்சம் தொடுவது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

உயரம் என்பது இங்கே ஒரு சாட்டுதான், உண்மையான காரணம் மூடுபனி என்பதற்குப் பிரெஞ்சு கயானா நல்ல சான்று. அங்கே கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரமே உள்ள பள்ளத்தாக்குகளில் விடியற்காலையில் மூடுபனி தேங்கி, காலை வரை கலையாமல் நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு மரங்களில் மலைக்காட்டுக்கு இணையான ஈரலுருத் தாவர வளம் இருந்தது. தாழ்நில மேகக்காடு என்று ஒரு தனி வகையையே 2010-இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள்; அப்படி முன்வைக்கத் துணிவு தந்தது இந்தச் சின்னஞ்சிறு தாவரங்களின் எண்ணிக்கை. அருகிலேயே மூடுபனி தேங்காத குன்றுச்சரிவு மரங்களில் அந்த வளம் இல்லை.

மலைக்காட்டில் இவை சுமக்கும் நீரின் அளவும் கொஞ்சநஞ்சமில்லை. தான்சானியாவின் உலுகுரு மலைகளில் தமாஸ் போச் என்ற ஹங்கேரிய அறிஞர் 1980-இல் வெளியிட்ட அளவீடு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மலையடிவார மழைக்காட்டில் ஒரு ஹெக்டேர் மரங்களின் மேல் ஒட்டி வளர்ந்த தாவரங்கள் உலர் எடையில் சுமார் 2 டன். 2,000 மீட்டருக்கு மேலே, மூடுபனி சூழ்ந்த குட்டை மரக்காட்டில் அது சுமார் 14 டன். அந்தச் சுமையில் மாஸும் ஈரலுருத் தாவரமும் பெரும்பங்கு. மழை பெய்யும்போது நீரைப் பிடித்து வைத்து, பிறகு மெல்ல மெல்லச் சொட்டவிடும் அமைப்பு அது.

மான்டெவெர்டேயின் 4 ஹெக்டேர்

கோஸ்டாரிகாவின் மான்டெவெர்டே மேகக்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரவிதானம், அதாவது மரங்களின் கிளைகள் விரியும் மேற்பகுதி, பற்றிய ஆய்வுக்கு அது உலகப் புகழ் பெற்ற இடம். நளினி நட்கர்னி பல பத்தாண்டுகளாக மரமேறி வேலை செய்த காடு. அங்கே 4 ஹெக்டேர் முதிர்ந்த காட்டை எடுத்துக்கொண்டு, தரை முதல் கிளைநுனி வரை எல்லா இடங்களிலும் மாஸையும் ஈரலுருத் தாவரங்களையும் தேடினார்கள். தாவரவியலாளர் ராப் கிராட்ஸ்டைன், நட்கர்னி முதலியோர் 2001-இல் வெளியிட்ட கணக்கு இது: மொத்தம் 190 சிற்றினங்கள். அவற்றில் ஈரலுருத் தாவரம் 133, மாஸ் 56, இவற்றின் உறவான கொம்புத் தாவரம் 1.

இந்த எண்ணில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மாஸைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஈரலுருத் தாவரங்கள். ஈரம் மிகுந்த வெப்பமண்டல மலைக்காட்டின் அடையாளமே இந்த விகிதம்தான். இரண்டாவது, இவை எங்கே கிடைத்தன என்பது. எல்லா இடங்களையும்விட வளமான ஒற்றை இடம், மரவிதானத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள தடித்த கிளைகள்: அங்கே மட்டும் 99 சிற்றினங்கள். தரையில் நின்றபடி கத்தியும் காகித உறையும் வைத்துக்கொண்டு சேகரிப்பவரின் கைக்கு எட்டாத உயரம் அது.

தடித்த கிளை ஏன் இவ்வளவு வளமானது? அது கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் கிடக்கிறது. உதிர்ந்த இலையும் தூசியும் அதன் முதுகில் தங்கி மக்கி, மண் போலவே ஒரு படலம் உருவாகிறது. மேலிருக்கும் இலைகள் வெயிலை வடிகட்டுகின்றன. பக்கவாட்டிலிருந்து மூடுபனி தடையின்றி வருகிறது. கிளையின் மேற்பக்கம், பக்கவாட்டு, அடிப்பக்கம் என ஒரு சாண் சுற்றளவுக்குள் மூன்று வெவ்வேறு தட்பவெப்பம். மேற்பக்கத்தில் பிளாஜியோகைலா போன்ற பெரிய உருவங்கள் மெத்தையாக வளரும். அடிப்பக்கத்தின் வெறும் பட்டையில் மெட்ஸ்ஜீரியாவின் மெல்லிய நாடாக்களும் சின்ன லெஜூனியேசிகளும் இருக்கும்.

இதே மரத்தின் கிளைநுனிக்குப் போனால் ஆட்கள் மாறிவிடுவார்கள். விரல் தடிமன் சுள்ளியில் வெயிலும் காற்றும் நேரடியாகப் படும். நனைவதும் காய்வதும் ஒரே நாளில் பலமுறை நடக்கும். அங்கே தாக்குப்பிடிப்பவை பட்டையோடு பட்டையாக அப்பிக்கொண்டு வளரும் ஃப்ருல்லானியாவும் லெஜூனியேசியின் சில பேரினங்களும்தான்.

மரத்தை இப்படிப் பகுதி பகுதியாகப் பார்க்கும் வழக்கம், மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்பா மலைகளில் தொற்றுத்தாவரங்களை (மரத்தின்மேல் ஒட்டி வளர்பவற்றை) ஆராய்ந்த யோஹான்சன் 1974-இல் வெளியிட்ட பணியிலிருந்து வந்தது. அடிமரம், முதல் கிளை பிரியும் வரையிலான நடுமரம், கிளைகளின் உள்பகுதி, நடுப்பகுதி, வெளிப்பகுதி என ஐந்து மண்டலங்கள். அவர் பார்த்தது ஆர்க்கிட், பெரணி போன்றவற்றைத்தான். ஆனால் அந்த ஐந்து மண்டலம் மாஸ், ஈரலுருத் தாவர ஆய்வாளர்களுக்கும் அப்படியே பயன்பட்டது. ஏறுவதற்கு வழி கிடைத்ததும் அதே பத்தாண்டில்தான். ஒற்றைக் கயிற்றில் மர உச்சிக்குப் போகும் முறையை டொனால்ட் பெர்ரி 1978-இல் விளக்கி எழுதினார். கவணோ வில்லோ கொண்டு மெல்லிய நூலைக் கிளைக்கு மேல் அனுப்பி, அதைப் பிடித்துக் கனமான கயிற்றை இழுத்து, அந்தக் கயிற்றில் ஏறுவது. அதற்கு முன்பு விழுந்த கிளைகளையும் வெட்டிச் சாய்த்த மரங்களையும் நம்பித்தான் வேலை நடந்தது.

விழுந்த கிளைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். கயிறு ஏறத் தெரியாத ஒரு கல்லூரி மாணவர், புயல் கழிந்த மறுநாள் காட்டுக்குள் போனால் விதானத்தின் ஒரு பகுதி அவர் காலடியில் கிடக்கும். பட்டை பச்சையாகவும் இலை வாடாமலும் இருந்தால் அது புதிதாக விழுந்தது, நம்பலாம். பழைய கிளையை நம்பக் கூடாது. தரையின் நிழலிலும் ஈரத்திலும் வெளிச்சம் வேண்டும் வகைகள் அழிந்து, தரைவாழ் வகைகள் ஏறிவிடும்.

2003-இல் கிராட்ஸ்டைனும் நட்கர்னியும் வேறு சிலரும் சேர்ந்து, விரைவாகவும் அதே சமயம் காட்டின் வளத்தைச் சரியாகப் பிரதிபலிக்கும்படியும் தொற்றுத்தாவரங்களைக் கணக்கெடுக்க ஒரு வழிமுறையை முன்வைத்தார்கள். ஒரு ஹெக்டேர் காட்டில் 8 முதிர்ந்த மரங்களை அடிமுதல் நுனிவரை முழுதாகப் பார்ப்பது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம் அமைத்து, அதிலுள்ள புதர்களையும் சிறு மரங்களையும் சேர்த்துப் பார்ப்பது. மரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டையின் சொரசொரப்பு, மரத்தின் வடிவம் எல்லாம் வேறுவேறாக இருக்கும்படி எடுக்க வேண்டும். எட்டும் வழவழப்பான பட்டை மரங்களாக அமைந்துவிட்டால் பட்டியல் இளைத்துப் போகும்.

காகித உறையிலிருந்து நுண்ணோக்கி வரை

காட்டில் செய்யும் வேலை எளிது. மழுங்கிய கத்தியால் பட்டையோடு சேர்த்து ஒரு சிறு துண்டைப் பெயர்ப்பது. பழுப்புக் காகிதத்தை மடித்த உறையில் போடுவது. உயரம், திசை, மரம், மண்டலம், தேதி, ஜிபிஎஸ் எண் எழுதுவது. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒரே இரவில் பூஞ்சை பிடிக்கும். மற்ற செடிகளைப் போல் அழுத்தி உலர்த்தவும் தேவையில்லை, நிழலில் காற்றாட வைத்தால் போதும். பத்தாண்டுகள் கழித்து ஒரு சொட்டு நீர் விட்டாலும் இலை விரிந்து பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அருங்காட்சியகப் பொருளாக இவ்வளவு நன்றாக ஒத்துழைக்கும் தாவரங்கள் குறைவு.

ஆனால் ஒன்று மட்டும் திரும்ப வராது. ஈரலுருத் தாவரங்களின் செல்களுக்குள் சவ்வு போர்த்திய எண்ணெய்த் திரள்கள் இருக்கும். வேறெந்தத் தாவரப் பிரிவிலும் இந்த அமைப்பு இல்லை. ஒரு செல்லில் எத்தனை, உருண்டையா நீள்வட்டமா, தெளிவாக இருக்கிறதா மணிமணியாகத் திரண்டிருக்கிறதா, நிறம் என்ன என்பதெல்லாம் சிற்றினத்தைப் பிரித்தறிய உதவும். ராடுலா என்ற பேரினத்தில் செல்லை நிறைக்கும் அளவுக்குப் பெரிய பழுப்புத் திரள் ஒன்றோ சிலவோ இருக்கும். லெஜூனியாவில் பெரும்பாலும் சிறுசிறு திரள்கள். மாதிரி உலர்ந்தால் பலவற்றில் இவை உருக்குலைந்து மறைந்துவிடும். ஆகவே சேகரித்த நாளிலோ அடுத்த சில நாட்களிலோ, மாதிரி உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்துப் படம் எடுத்துவிட வேண்டும். பகலில் காடு, மாலையில் விடுதி அறையில் நுண்ணோக்கி என்று வேலை இரட்டிப்பாவது இதனால்தான். பலர் இந்த மாலை வேலையைத் தவிர்த்துவிட்டு, ஊர் திரும்பி உலர்ந்த மாதிரியில் அடையாளம் காண முயல்கிறார்கள். லெஜூனியேசியில் அது பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிடும்.

கை லென்ஸில் என்ன தெரியும் என்பதற்கு ஃப்ருல்லானியாவை எடுத்துக்கொள்வோம். சுள்ளியின் பட்டையில் செம்பழுப்பு நிறத்தில் இறகு போல் கிளைத்துப் பரவியிருக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டு வரிசை வட்ட இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்ததுபோல். அவ்வளவுதான், இதில் ஒன்றும் பிடிபடாது. ஒரு கிளையை இடுக்கியால் எடுத்துப் புரட்டினால்தான் கதை தொடங்கும். அடிப்பக்கம் நடுவில் மூன்றாவது வரிசையாகச் சிறிய இலைகள், நுனியில் இரண்டாகப் பிளந்தவை. ஒவ்வொரு பக்க இலைக்கும் கீழே ஒரு குட்டி மடல். அது கவிழ்த்த தலைக்கவசம் போலக் குழிந்திருக்கும். மழை நின்றபின் கடைசியாக நீர் தங்கும் இடம் அந்தக் குழி. அதற்குள் ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர்கள் குடியிருப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். தாவரம் காயும்போது அவையும் உறங்கி, நனையும்போது அவையும் விழிக்கின்றன. தலைக்கவசத்தின் நீளம், வாயின் கோணம், தண்டிலிருந்து அது விலகியிருக்கும் தூரம் இவற்றை வைத்தே சிற்றினங்களைப் பிரிக்கிறார்கள்.

பிற பேரினங்களுக்கும் இப்படித் தனித்தனிக் குறிகள் உண்டு. பஸ்ஸானியாவின் இலைநுனியில் மூன்று பற்கள் இருக்கும், தண்டு கவட்டையாகப் பிரியும், அடியிலிருந்து சாட்டை போன்ற கிளைகள் இறங்கும். ராடுலாவுக்கு அடிவரிசை இலையே கிடையாது. வேரிகள் குட்டி மடலிலிருந்து முளைக்கும்.

கணக்கில் அதிகம் தவறுவது உயிருள்ள இலைமேல் வாழ்பவை. ஓடையோரம் நிற்கும் புதரின் முதிர்ந்த இலையில் வெளிர்பச்சைப் புள்ளிகள் தெரிந்தால், அவை இலை நோய் என்று தாண்டிப் போய்விடுவோம். லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் தண்டும் இலையுமுள்ள ஒரு முழுத் தாவரம். கோலோலெஜூனியாவாக இருந்தால் அடிவரிசை இலை இருக்காது. லெப்டோலெஜூனியாவாக இருந்தால் அடியிலை இரண்டு கொம்பாக அகன்று பிரிந்திருக்கும், பூச்சியின் உணர்கொம்பைப் போல. ஓர் இலையிலேயே பல சிற்றினங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழலாம். அந்த இலை உதிர்வதற்குள் வளர்ந்து, இனப்பெருக்கம் செய்து, அடுத்த இலைக்குத் தாவிவிட வேண்டும் என்பதால் இவற்றில் பல, தட்டையான சிறு வட்டுகளைத் தம் இலையிலிருந்து உதிர்த்துப் பாலினமின்றியே பரவுகின்றன. இவற்றைச் சேகரிக்கும்போது தாவரத்தைச் சுரண்டக் கூடாது. முழு இலையையும் பறித்துக் காகிதங்களுக்கு நடுவே வைக்க வேண்டும்.

பாரிஸிலும் ஜெனீவாவிலும் கிடக்கும் பெயர்கள்

அடையாளம் கண்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பெயரை எழுதுவது? நீலகிரியின் பூவாத் தாவரங்கள் ஐரோப்பாவுக்குப் போனது மிக முன்னதாகவே நடந்தது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே நீலகிரியில் சேகரித்து அனுப்பியவற்றைக் காமீ மோந்தாஞ் 1842-இல் பாரிஸில் விவரித்து வெளியிட்டார். அவர் பெயரிட்டவற்றின் மூல மாதிரிகள், அதாவது அந்தப் பெயர்களுக்கு ஆதாரமான மாதிரிகள், பாரிஸில் இருக்கின்றன. அந்த நூற்றாண்டின் முடிவில் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் ஸ்டெஃபானி உலகம் முழுவதிலிருந்தும் வந்த மாதிரிகளுக்குப் பெயரிடத் தொடங்கினார். 1898 முதல் 1924 வரை ஆறு தொகுதிகள். அவருடைய மாதிரிகள் ஜெனீவாவில் உள்ளன. ஒரே தாவரம் ஜாவாவிலிருந்து வந்தால் ஒரு பெயர், இலங்கையிலிருந்து வந்தால் ஒரு பெயர், நீலகிரியிலிருந்து வந்தால் இன்னொரு பெயர் என்று பெயர்கள் பெருகின. அடுத்த நூறாண்டுகளில் பெரும் எண்ணிக்கையிலான அந்தப் பெயர்கள் ஒன்றுக்குள் ஒன்று சேர்க்கப்பட்டுவிட்டன.

இதன் விளைவு கணக்கெடுப்பில் நேரடியாகத் தெரியும். பழைய பட்டியலை அப்படியே எடுத்து, புதிய பட்டியலோடு ஒப்பிட்டு, இத்தனை சிற்றினங்கள் அழிந்துவிட்டன என்று சொன்னால் பெருந்தவறு. அழிந்தவற்றில் சில வெறும் பெயர்கள். சான்று மாதிரி காப்பகத்தில் இருந்தால் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பதிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்தியாவில் சிவ ராம் காஷ்யப் மேற்கு இமயமலை ஈரலுருத் தாவரங்களை 1929 முதல் நூலாக வெளியிட்ட பிறகுதான் இந்தத் துறை உள்ளூரில் வேரூன்றியது. தெற்கில் பழனி மலையின் செண்பகனூரில் இயேசு சபைக் குருவான ஃபோரோ மாஸ்களைத் திரட்டினார். அண்மைக் காலத்தில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி குறித்துக் கவனமான பணி வந்திருக்கிறது. நாம் நினைப்பதைவிட அடித்தளம் வலுவாகவே இருக்கிறது.

டிஎன்ஏ வரிசைகள் இப்போது ஒரு துணை. பசுங்கணிகத்திலுள்ள ஆர்பிசிஎல், டிஆர்என்எல்-எஃப் போன்ற பகுதிகளை ஒப்பிட்டு, உருவத்தில் ஒன்றாகத் தெரிபவற்றைப் பிரிக்கவும், வேறாகத் தெரிபவற்றைச் சேர்க்கவும் முடிகிறது. ஆனால் ஒப்பிடுவதற்கு நம்பகமாக அடையாளம் காணப்பட்ட மாதிரியின் வரிசை வேண்டுமே. அதற்குக் கை லென்ஸும் நுண்ணோக்கியும் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

எப்போது போதும் என்பது

எட்டு மரம் பார்த்தாயிற்று. ஒன்பதாவது மரம் ஏறலாமா? ஒவ்வொரு மரத்திலும் புதிதாக எத்தனை வந்தது என்று வரைபடம் போட்டால் கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு படியும். படியத் தொடங்கியதும் நிறுத்தலாம் என்பார்கள். இன்னும் கொஞ்சம் துல்லியமாகச் சொல்ல, தைவானின் புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984-இல் கொடுத்த வழி பரவலாகப் பயன்படுகிறது. ஒரே ஒரு மரத்தில் மட்டும் கிடைத்தவை எத்தனை, சரியாக இரண்டு மரங்களில் கிடைத்தவை எத்தனை என்று பார்ப்பது. முதல் எண்ணை அதனாலேயே பெருக்கி, இரண்டாவதன் இருமடங்கால் வகுத்தால், நம் கண்ணில் படாமல் போனவை குறைந்தபட்சம் எத்தனை என்பது தோராயமாகக் கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு: மொத்தம் 62 சிற்றினம் கிடைத்தது. அதில் ஒரே மரத்தில் வந்தவை 14, இரண்டு மரத்தில் வந்தவை 7. 14-ஐ 14-ஆல் பெருக்கினால் 196. அதை 14-ஆல் வகுத்தால் 14. ஆக 76 வரையாவது இருக்கலாம். ஒரே மரத்தில் வந்தவை 28 என்றிருந்தால்? 784-ஐ 14-ஆல் வகுக்க 56. இப்போது 118. கையில் கிடைத்த பட்டியல் இரண்டிலும் 62தான். காடு பற்றி அவை சொல்லும் செய்தி முற்றிலும் வேறு. வெப்பமண்டல மலைக்காட்டில் ஒருமுறை மட்டும் கிடைப்பவை எப்போதும் நிறைய. ஆகவே வெறும் 62 என்று மட்டும் அச்சிடும் அறிக்கையை நான் அரை அறிக்கையாகவே கருதுகிறேன்.

சோலைக்கு இந்த அளவுகோல் பொருந்துமா

நீலகிரி, பழனி, ஆனைமலைச் சோலைகளுக்கு ஒரு ஹெக்டேரில் எட்டு மரம் என்ற அந்த முறையை அப்படியே கொண்டுவர முடியாது. சோலை என்பது புல்வெளிகளுக்கு நடுவே, மலைமடிப்புகளில் நீரோட்டத்தை ஒட்டித் துண்டு துண்டாக நிற்கும் காடு. பல துண்டுகளில் ஒரு ஹெக்டேர் சதுரமே அடங்காது. அடங்கினாலும் சதுரத்தின் பாதி ஓரப்பகுதியாகிவிடும். மடிப்பின் வடிவத்துக்கேற்ப, ஓரத்திலிருந்து உள்ளே செல்லும் நீளப் பட்டைகளாக இடத்தைப் பிரிப்பதே இங்கே பொருத்தம். ஓரம், நடு, ஓடைக்கரை மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். டுமோர்ட்டியேராவின் அகன்ற கரும்பச்சை நாடா ஓடைக்கரைப் பாறையில் கிடைப்பதற்கும், ஃப்ருல்லானியா ஓரத்துச் சுள்ளியில் கிடைப்பதற்கும் ஒரே எடை போட்டு ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இன்னொரு வசதியும் இங்கே உண்டு. சோலை மரங்கள் பெரும்பாலும் குட்டையானவை; நாவல் இனங்களும் காட்டுச் செண்பகமும் முறுக்கிய கிளைகளோடு 15 மீட்டரைத் தாண்டுவது அரிது. காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் புல்வெளியிலேயே தனியாக நின்று, கைக்கெட்டும் உயரத்தில் கிளை விரிக்கிறது. 40 மீட்டர் மரத்துக்காக வகுத்த ஐந்து மண்டலமும் இங்கே சுருங்கிய வடிவில் இருக்கின்றன. ஒரு நல்ல ஏணியும் இடுப்புக்கயிறும் இருந்தால் பெரும்பாலானவற்றை எட்டிவிடலாம். வெளிநாட்டில் பெரும் செலவில் செய்யும் வேலையை இங்கே ஒரு கல்லூரித் துறை தன் சொந்தச் செலவில் செய்ய முடியும். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காக்களில் ஒரு சிட்டிகைப் பாசி எடுப்பதற்கும் அது தேவை.

பருவமும் வேறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் சோலைக்கு நீர் தருகின்றன. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளப் புல்வெளிகளில் உறைபனி விழுகிறது. மார்ச் வரை வறட்சி. மரத்தில் வாழும் இலையுள்ள வகைகள் ஆண்டு முழுதும் அங்கேயே இருக்கும். மண்ணில் வாழும் டார்ஜியோனியா போன்ற நாடா வகைகள் வறட்சியில் சுருண்டு, கருத்து, மண்ணோடு மண்ணாகிவிடும். எனவே மழை முடிந்தவுடன் ஒருமுறை, வறட்சியின் முடிவில் ஒருமுறை என இருதடவை பார்க்காத பட்டியல், மண் வாழ்வனவற்றைப் பொறுத்தவரை நம்பத்தக்கதல்ல.

சோலையை ஒட்டி வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்கள் பெருமளவில் நிற்கின்றன. கணக்கெடுப்பில் அவற்றையும் சேர்க்க வேண்டும், ஒப்பீட்டுக்காக. யூகலிப்டஸ் தன் பட்டையை நீள நீளமாக உரித்துப் போடும் மரம். அதன்மேல் பல ஆண்டு தங்கி வளர வேண்டிய தாவரத்துக்கு நிலம் காலடியிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். பச்சையாகத் தெரியும் இரண்டு மலைச்சரிவுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை இந்தத் தாவரங்களின் பட்டியல் தெளிவாகக் காட்டும்.

மரங்களுக்கு எண்ணிட்ட அலுமினியத் தகடு அடித்து, எந்தக் கிளை, எந்த மண்டலம் என்று வரைபடத்தில் குறித்துவைத்தால், பத்தாண்டு கழித்து வேறொருவர் அதே கிளைக்குத் திரும்ப முடியும். மான்டெவெர்டேயில் மேகத்தின் அடிமட்டம் மேலே நகர்கிறது என்றும், மூடுபனி இல்லாத நாட்கள் கூடிவருகின்றன என்றும் 1999-இலேயே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். நம் மலைகளில் அப்படி ஏதாவது நடந்தால், அதை முதலில் உணரப்போவது வேரில்லாமல் காற்றின் ஈரத்தையே நம்பியிருக்கும் கிளைநுனிவாசிகள்தான். சோலையின் உட்பகுதி மரங்கள் ஒன்றையொன்று காத்துக்கொள்ளும். வறண்ட காற்று, உறைபனி, புல்வெளித் தீ மூன்றும் முதலில் படுவது ஓரத்து மரங்களில். ஆகையால் தகடு அடிக்கப் பத்து மரங்களுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், அவற்றில் பாதியையாவது புல்வெளியைப் பார்த்து நிற்கும் ஓரத்தில் தேர்ந்தெடுங்கள். அவற்றின் வெளிக்கிளைச் சுள்ளிகளில் என்ன இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள்.